உதறித் துவைத்த சட்டைகள்

ஆடிக் காற்றில் ஷீட் கூரைகள் ஓயாமல் தடதடக்கும். நட்டு தளர்ந்த இடத்தில் ஷீட் லேசாக எழும்பி எழும்பிக் கீழேயுள்ள இரும்புக் குழாயில் விழும். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால், ஸ்பானரை எடுத்து நட்டை முடுக்கினால் நின்றுவிடும் என்று மட்டுமே எனக்குத் தோன்றும். இந்த ஆடியில் அப்படியில்லை. டீக்கடையோ பஸ் ஸ்டாண்டோ, எங்கே அந்தச் சத்தம் கேட்டாலும் தலை தானாக மேலே நிமிர்ந்துவிடுகிறது. ஓரம் பொரிந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, அதற்கு நேர் கீழே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வேறு பெஞ்சுக்கு மாறி உட்காருகிறேன்.

நான் பெரம்பலூரில் வீட்டு வயரிங் வேலை செய்பவன். என் தங்கையைக் கீழப்பழுவூரில் கொடுத்திருக்கிறோம். அவள் கணவர் பிளம்பர். அவர் என்னை மச்சான் என்பார், நான் அவரை மாப்பிள்ளை என்பேன். பெரும்பாலும் இருவரும் சேர்ந்தே வேலை பிடிப்போம். சுவரைக் கொத்துவது ஒரு தடவையோடு முடிந்துவிடுவதால் வீட்டுக்காரர்களுக்கும் அது பிடிக்கும். நான் சாமான்களைக் கோணியில் வரிசையாகப் பரப்பி வைத்து, எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பவன். அவர் ஸ்பானரை எங்கே வைத்தோம் என்று அரை நாள் தேடுபவர். ஆனால் உயரத்தில் அவருக்கு நிகர் அவர்தான். ஷீட் கூரைமேல் எங்கே குழாய் ஓடுகிறது, எங்கே கால் வைத்தால் உடையாது என்பது அவருடைய பாதத்துக்கே தெரியும். "இவரு தங்கச்சியக் கட்டுன பாவத்துக்கு நான் மேல ஏறுறேன். இவரு நெழல்ல நின்னு வயர் இழுக்குறாரு" என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லுவார்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஷீட் போடாத தெரு கிடையாது. மாடியில் துணி காயப்போடும் இடம், பின்கட்டுச் சமையலறை, கழிவறை, வண்டி நிறுத்தும் இடம், வாடகைக்கு விடும் ஒற்றை அறை எல்லாவற்றுக்கும் அதுதான். குழாயை மேலே கொண்டுபோக வேண்டுமென்றால் கட்டிங் மெஷினை வைத்து ஷீட்டை அறுப்போம். ஃபேன் கொக்கிக்கும் ஒயர் குழாய்க்கும் டிரில் போட்டுத் துளைப்போம். புகை மாதிரி வெள்ளைத் தூசி எழும்பும். தலையில் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்து மூக்கில் கட்டிக்கொள்வோம். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லமும் வாழைப்பழமும் தின்போம். சிமெண்ட் ஆலைக்குப் போகிறவர்களிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம் அது. தின்றால் தொண்டையில் இருக்கும் தூசி இறங்கிவிடும் என்று எல்லோரும் சொல்லுவார்கள். வீட்டுக்காரர்களும் கேட்காமலே எடுத்து வைத்துவிடுவார்கள்.

ஆனி மாதத்தில் மாப்பிள்ளைக்கு இருமல் பிடித்துக்கொண்டு விடவில்லை. திருச்சியில் நெஞ்சு மருத்துவர் ஒருவரிடம் அழைத்துக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் கணினியில் படத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பிளம்பிங் சார்."

"தூசி அதிகமோ?"

"அரியலூர்ப் பக்கம் தூசி இல்லாத எடம் எது சார். லாரி போற ரோட்டுலதான் எங்க வூடே."

"அந்தத் தூசியச் சொல்லல. ஆஸ்பெஸ்டாஸ் அறுப்பீங்களா? கூரைக்குப் போடுற சீட்டு?"

"அது சிமெண்டு சீட்டு சார்."

"சிமெண்டுதான். அதுக்குள்ள நார் கலந்திருக்கும். கல்நார்."

மருத்துவர் படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தடித்திருந்ததைப் பேனா முனையால் காட்டினார். இருமல் வெறும் சளிதான், மாத்திரையில் போய்விடும் என்றார். திட்டுகளைப் பற்றிச் சொல்லும்போது குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"இது நோயில்ல. தழும்பு மாதிரி. இதனால இப்ப உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த நார் உள்ள போயிருக்குங்கறதுக்கு அடையாளம். போனது வெளிய வராது. இனிமே போகாமப் பாத்துக்கணும். சிகரெட் உண்டா?"

"எப்பவாச்சும் சார்."

"எப்பவாச்சும்கூட வேணாம். வருஷத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுங்க."

"வேலை முடிஞ்சா வெல்லம் தின்னுடுவேன் சார்" என்றார் மாப்பிள்ளை, தன் பங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதைப் போல.

மருத்துவர் சிரித்துவிட்டார். "தின்னுங்க, தப்பில்ல. அது வயித்துக்குப் போகுது. தூசி போறது வேற வழி."

எப்படி வேலை செய்வது என்று நான்தான் கேட்டேன். முடிந்தவரை அந்த ஷீட்டைத் தொடாதீர்கள், அறுக்காமல் துளைக்காமல் வேறு வழி பாருங்கள், தொட்டே ஆக வேண்டுமென்றால் நனைத்துவிட்டுத் தொடுங்கள், துண்டு போதாது, சரியான மாஸ்க் வேண்டும், அந்தத் தூசியோடு வீட்டுக்குள் போகாதீர்கள் என்று சொன்னார். படி இறங்கும்போது மாப்பிள்ளை கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"அதுல நம்ம வூடு சுத்தம் மச்சான். வாசல்லயே உதறிட்டுத்தான் சட்டை உள்ள போவும்."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை லால்குடி தாண்டியதும் என் தொடையில் தட்டினார். "வூட்டுல சொல்ல வேணாம். சளின்னு சொல்லுவோம். சளிதானே."

கீழப்பழுவூரில் இறங்கி வீட்டுக்குப் போனதும் தங்கை, "என்ன சொன்னாங்கண்ணே?" என்று என்னிடம்தான் கேட்டாள். சளி என்றேன். மாத்திரை உறையை அவளிடம் கொடுத்தேன். அவள் முகம் தெளிந்தது. எனக்கு அங்கே காபி குடிக்க முடியவில்லை. காலையில் அங்கே விட்டுவிட்டுப் போன வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆடி பிறந்ததும் அரியலூரில் ஒரு வேலை வந்தது. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் வீடு. பின்கட்டில் ஷீட் போட்ட போர்ஷன் சும்மா கிடந்தது. ஆவணி முதல் தேதி அதில் ஒரு குடும்பம் குடிவருவதாகப் பேசி முடித்திருந்தார். புதிதாக ஒரு கழிவறை, ஃபேன், லைட், சமையலறைக்குப் புகையை வெளியே தள்ளும் காற்று போக்கி, விரிசல் விட்ட ஷீட் ஒன்றை மாற்றுவது. இவ்வளவுதான் வேலை. முன்பென்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்போம்.

இந்தத் தடவை கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கழிவறையின் காற்றுக் குழாயை ஷீட்டைத் துளைத்து மேலே விடாமல் சுவர் வழியாக வெளியே எடுத்து வெளிச்சுவரோடு மேலே ஏற்றலாம். ஃபேனை இரும்புக் குழாயில் கிளாம்ப் போட்டுத் தொங்கவிடலாம். காற்று போக்கியை ஜன்னலுக்கு மேலே வைக்கலாம். வயரையும் சுவரோடு கொண்டுபோய்விட்டால் ஷீட்டில் ஒரு ஆணிகூட அடிக்கத் தேவையில்லை. விரிசல் விட்ட ஷீட் மட்டும்தான் மிச்சம். டீச்சருக்கு இந்தச் சுற்றுவழி பிடிபடவில்லை.

"நேரா மேல விட்டா முடிஞ்சுதே தம்பி. எதுக்கு ஊரச் சுத்துறீங்க?"

"சீட்டுல கை வைக்க வேணாம்னு பாக்குறோம் டீச்சர். அறுத்தா வர்ற தூசி நெஞ்சுக்கு ஆகாதாம்."

அவர் சற்று நேரம் கூரையையே பார்த்தார். "அப்ப கீழ குடியிருக்கிறவங்களுக்கு?"

"சும்மா இருக்குற சீட்டு ஒண்ணும் பண்ணாது. அறுக்கிறது, உடைக்கிறது, சுரண்டுறது, இதுலதான் வருது."

"பாசியெல்லாம் கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, மேல வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கேனே. வெக்கை தெரியாதுன்னு."

"தேய்க்க வேணாம் டீச்சர். வேற யாராவது வந்து தேய்க்கிறேன்னாலும் விடாதீங்க."

திருச்சியிலிருந்து இரண்டு ரப்பர் மாஸ்க் வாங்கி வந்திருந்தேன். இரண்டு பக்கமும் வட்டமாக வடிகட்டி வைத்தவை. கூடவே பருத்திக்கு மருந்தடிக்கும் கை ஸ்பிரேயர் ஒன்று. புதிதாக வாங்கினேன். பெரம்பலூரில் உரக்கடைக்காரர் ஒருவர் இரவல் கொடுக்க வந்த பழையதை, மருந்து பட்டது என்பதால் மறுத்துவிட்டேன். மாப்பிள்ளை மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கைப்பேசியில் தன் முகத்தைப் பார்த்தார்.

"எருமைக்கு வாய்ப்பூட்டு போட்ட மாதிரி இருக்கு."

"முகத்துல ரோமம் இருந்தா ஓரமாக் காத்து புகுந்துடும் மாப்ள. நாளைக்கு ஷேவ் பண்ணிட்டு வாங்க."

"டெய்லி ஷேவ் பண்ணிட்டு வர நான் என்ன பேங்க் மேனேஜரா? வூட்டுல சந்தேகப்பட மாட்டாளா?"

முதல் இரண்டு மூன்று நாட்கள் நான் நினைத்தபடியே போயிற்று. அவருக்கு எரிச்சல்தான். சுவரைச் சுற்றிக் குழாய் கொண்டுபோவதில் மூலைக்கு மூலை திருப்பும் எல்போக்கள் கூடின, நேரம் கூடியது. வேலையின் நடுவே கையை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்ப்பார். நேராக மேலே போயிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும் என்பது அவர் பார்வையிலேயே தெரியும். நான் அவர் பக்கத்தைவிட்டு நகராமல் இருக்கப் பார்த்தேன். ஒரு வேலை செய்து கொண்டிருக்கும்போதே காது அவர் மெஷினை எடுக்கிறாரா என்று கேட்டுக்கொண்டிருந்தது. இப்படி வேலை செய்வது எனக்கே பிடிக்கவில்லை. ஒரு ஸ்விட்ச் பெட்டியைக் கோணலாகப் பதித்துவிட்டு மறுபடி எடுத்துப் பதித்தேன். அதுவரை எனக்கு அப்படி நடந்ததில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஃபேன் கிளாம்ப் அளவு சரியில்லாமல் மாற்றப் போனேன். கடை பூட்டியிருந்தது. இன்னொரு கடைக்குப் போய்த் திரும்பினேன். தெருமுனையிலேயே மெஷின் சத்தம் கேட்டது. சுவரில் வைக்கும்போது கனமாக ஒலிக்கும், ஷீட்டில் வைக்கும்போது கீச்சென்று ஒலிக்கும். வண்டியை ஸ்டாண்ட் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினேன். அறைக்குள் தூசி வெள்ளையாக நின்றது. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் அது மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை ஏணிமேல் நின்றிருந்தார். புருவமும் மீசையும் வெளுத்திருந்தன. மாஸ்க் கழுத்தில் தொங்கியது.

"விரிசல் ஓரம் சீட்டப் பிடிக்கிற கொக்கியில மாட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சு. லேசா அறுத்து வுட்டேன். ரெண்டு நிமிஷம்."

"ஸ்பிரேயர்?"

"அத நெரப்பி, பம்ப் அடிச்சு... விடுங்க மச்சான். இருவது வருஷம் போனது, இந்த ரெண்டு நிமிஷத்துலயா வந்து நிக்கப் போவுது?"

நான் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஸ்பிரேயரில் தண்ணீர் நிரப்பி, சுவரும் தரையும் நனையும்வரை அடித்தேன். டீச்சர் துடைப்பத்தோடு வந்தார். உள்ளே வர வேண்டாம் என்று அதை வாங்கி வெளியே வைத்துவிட்டு, ஈரத் துணியால் தரையைத் துடைத்தேன். துணியை அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டினேன். மாப்பிள்ளை வாசல் குழாயில் முகம் கழுவிவிட்டு, டீச்சர் தட்டில் வைத்திருந்த வெல்லத்தைத் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன்.

சாயங்காலம் அவரை வண்டியில் கீழப்பழுவூரில் விடப் போனேன். பின்னால் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே வந்தார். காற்றில் பாதி கேட்கவில்லை.

அவர் வீட்டு வாசலில் துணிக்கொடி கட்டுவதற்கு ஒரு கல்கால் நட்டிருக்கிறது. வழக்கம்போல அங்கேயே கைலிக்கு மாறி, சட்டையையும் பேன்ட்டையும் தங்கையிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். அவள் சட்டையின் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, கல்காலில் பட்டென்று அடித்தாள். வெள்ளையாகப் பறந்தது. காற்று திரும்பி அவள் மேலேயே அடித்தது. இன்னொரு அடி. கண்ணை இடுக்கிக்கொண்டு இன்னொன்று. பிறகு பேன்ட்டை எடுத்தாள்.

இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். சிமெண்ட் படிந்த துணியை உதறாமல் நனைத்தால் அது துணியிலேயே இறுகிவிடும். நாங்கள் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற ஊரில் பிறந்தவர்கள், எங்களுக்கு அது தெரியாது. கல்யாணமான புதிதில் தங்கை அவருடைய வேலைச் சட்டையை நேராகத் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டாள். காய்ந்ததும் அது பலகையாகிவிட்டது. அவள் மாமியார் அந்தச் சட்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்து, நிற்க வைத்தால் நிற்கிறது பாருங்கள் என்று அக்கம்பக்கத்தாரிடம் காட்டியிருக்கிறார். அன்றைக்கு அழுதவள், அதற்குப் பிறகு ஒரு நாளும் உதறாமல் நனைத்ததில்லை.

அவள் பேன்ட்டை ஓங்கியபோது என் கை முன்னால் போய்விட்டது. "உதறாத. தண்ணியில போடு."

"என்னண்ணே, வெளாடுறீங்களா? கல்லாயிடும்."

"இது அந்தத் தூசி இல்ல. போடு."

"எந்தத் தூசியா இருந்தா என்ன. எல்லாம் சிமெண்டுதானே. உங்க ஊருப் பருத்தித் துணியா இது?" சிரித்துக்கொண்டே என் கையை விலக்கி அடித்தாள்.

கொல்லையிலிருந்து தலை துவட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதீர்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. காரணத்தைச் சொல்லாமல் அவளைத் தடுக்க முடியாது. காரணத்தைச் சொன்னால் ஸ்கேனைச் சொல்ல வேண்டும். அவள் நீட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். பெரம்பலூர் போய்ச் சேரும்வரை எதிர்க்காற்று. எனக்கு முன்னால் அந்தச் சட்டை பட்டுப் பட்டென்று அடித்துக்கொண்டே வந்தது. மருத்துவர் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள் என்று சொன்னபோது, வாசலில் உதறுவதைச் சுத்தம் என்று நினைத்துத் தலையாட்டியவன் நானும்தான்.

மறுநாள் காலையில் டீச்சர் வீட்டுக்குப் போகாமல், முனையிலிருந்த டீக்கடையில் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தேன். இரண்டு தடவை எழுந்து ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். கடைக்காரர், "பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளை வந்ததும் டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களா. சொன்னா என்ன ஆவும்? அழுவா. வேலைக்கு அனுப்ப மாட்டா. இந்தக் கையி வேற என்ன வேலைக்கு ஆவும்?"

"உங்க நெஞ்சப் பத்திப் பேசல மாப்ள. நேத்து அவ உதறுனப்ப காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு பாத்தீங்களா?"

"நான் கொல்லையில இருந்தேன்."

"அதான். நீங்க எப்பவும் கொல்லையில இருப்பீங்க. ஒங்க மேல இருந்தது பாதி அவ மேல போவுது. தெனமும்."

அவர் டீயை வாய்க்குக் கொண்டுபோய்க் குடிக்காமல் நிறுத்தினார். உதறுவதைத் துணியிலிருந்து தூசி போவதாக மட்டுமே அதுவரை நினைத்திருந்தார். போகிற தூசி எங்கே போகிறது என்று இருவரும் யோசித்ததில்லை. டீ ஆடை கட்டியது. கடைசியில் அதை வாசலில் ஊற்றிவிட்டு டம்ளரை வைத்தார். "வாங்க. வேலை கெடக்கு" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் கவனித்தேன், முகத்தைச் சுத்தமாக மழித்துக்கொண்டு வந்திருந்தார்.

அன்று விரிசல் ஷீட்டை இறக்கினோம். அவரே ஸ்பிரேயரை நிரப்பினார். தண்ணீர் வழிந்து ஓடிவிடாமல் ஷீட்டில் ஊறட்டும் என்று துளி சோப்புத் தண்ணீர் கலந்தேன். மேலும் கீழும் நனைத்தோம். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, உள்ளங்கையால் வடிகட்டியை மூடி, காற்று ஓரமாகப் புகுகிறதா என்று இழுத்துப் பார்த்தார். போல்ட்டுகள் துருவேறியிருந்தன. முன்பென்றால் ஷீட்டைச் சுத்தியால் தட்டி உடைத்து எடுத்திருப்போம், அதுதான் சுலபம். இந்தத் தடவை எண்ணெய் விட்டு, காத்திருந்து, திரும்பாத போல்ட்டை மட்டும் வெட்டி, ஷீட்டைக் கயிற்றில் கட்டி முழுசாகக் கீழே இறக்கினோம். தார்ப்பாயில் சுற்றி டேப் ஒட்டினேன். முந்தின நாள் அறுத்த துண்டையும் துடைத்த துணியையும் அதற்குள்ளேயே வைத்தேன்.

சுற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பெரியவர் மதில்மேல் கையூன்றி எட்டிப் பார்த்தார். இறக்கிய ஷீட்டுக்கு எங்கள் பக்கத்தில் எப்போதும் யாராவது காத்திருப்பார்கள்.

"அதை எனக்குக் கொடுத்துடுங்க தம்பி. ஆட்டுக் கொட்டாய்க்கு ஆவும்."

"இது ஆவாதுங்க. உடைஞ்சது."

"ஒடைஞ்சத அறுத்துச் சின்னதாப் போட்டுக்கறேன்."

"அறுக்கத்தாங்க கூடாது."

"ஆடு கேக்கவா போவுது?"

"ஆடு கேக்காது. அறுக்கிற நீங்க இருமுவீங்க" என்றார் மாப்பிள்ளை, மாஸ்க்குக்குள்ளிருந்து. பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கட்டு இன்னும் டீச்சர் வீட்டுப் பின்சுவரோடு சாய்ந்து நிற்கிறது. எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் சரியான பதில் கிடைக்கவில்லை. போகும்போதெல்லாம் டேப் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

வேலை முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். புதுக் கழிவறைக்குள் பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். போட்டிருந்த சட்டையையும் பேன்ட்டையும் அதில் முக்கிவிட்டு, அங்கேயே தலைக்குக் குளித்து, கைலி கட்டிக்கொண்டு வெளியே வந்தார். டீச்சர் பார்த்துவிட்டார்.

"குடிவர்றவங்க பால் காய்ச்சறதுக்கு முன்னாடி நீங்க பாத்ரூமத் திறந்து வச்சுட்டீங்க போல."

"தண்ணி நல்லா வருதான்னு பாத்தேன் டீச்சர்."

ஈரத்துணியை அப்படியே ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டார். வண்டியில் ஏறும்போது, "வூட்டுக்குப் போனதும் நீங்களும் உள்ள வாங்க" என்றார்.

தங்கை வாசலில் நின்றிருந்தாள். கைலியையும் பையையும் பார்த்தாள். கையை நீட்டிப் பையை வாங்கியவள், கனத்தைப் பார்த்துத் திறந்தாள்.

"என்னங்க இது, ஈரமாவா? அய்யோ, இறுகிப் போயிடும்."

"இறுகட்டும்."

"புதுச் சட்டைங்க."

"இறுகுனா வேற வாங்கிக்கலாம். உள்ள வா."

உள்ளே போய் உட்கார்ந்தார். ஸ்கேனைப் பற்றிச் சொன்னார். தழும்பு என்றார், நோயில்லை என்றார், இனிமேல் போகக் கூடாது என்றார். சிகரெட்டை விட்டாயிற்று என்றார். அவர் சொன்ன வரிசை குழப்பமாக இருந்தது, ஆனால் எதையும் விடவில்லை. அவள் முதலில் அவருடைய நெஞ்சைப் பார்த்தாள், அங்கே ஏதாவது தெரியும் என்பதைப் போல. பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"சளின்னீங்க."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். கல்காலுக்கு முன்னால் நின்றாள். அவள் தோள் உயரத்தில், சட்டை அடிபடும் இடம் மட்டும் வெளுத்து வழவழப்பாக இருந்தது. அதைத் தொடப் போய்க் கையை எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

"இத்தனை வருசமா உதறுனது நாந்தானே. அப்ப எனக்கு?"

காற்றில் கொடியில் கிடந்த துணிகள் பறந்துகொண்டிருந்தன. அவள் பையிலிருந்த சட்டையைத் தொட்டியில் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள்.

அந்த வாரத்திலேயே மூவரும் திருச்சிக்குப் போனோம். பஸ்ஸில் அவர்கள் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நான் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனேன். மருத்துவர் அவளுடைய படத்தையும் மேலும் கீழும் நகர்த்தினார். அவர் கை நின்ற ஒவ்வொரு இடத்திலும் பேனாவை எடுக்கிறாரா என்று பார்த்தேன். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். துணியை எப்படித் துவைக்கிறாள் என்று கேட்டுவிட்டு, இனி நனைத்த பிறகே தொடச் சொன்னார். உங்கள் கணவர் வரும்போது நீங்களும் வந்து காட்டுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். அவள் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லன்னா, எப்போதைக்கு?"

"ஒண்ணும் இல்லன்னுதான சொன்னாரு" என்றார் அவர்.

"இப்போதைக்குன்னும் சொன்னாரு."

மீதி ஜூஸை அவர் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

அவர் ஈரமாகக் கொண்டுவந்த அந்தச் சட்டை இறுகவில்லை. அன்றைக்கு அதில் இருந்தது பெரும்பாலும் வியர்வைதான். ஆனால் அவள் அதைத் துவைத்துக் காயப்போட்ட பிறகும், மடிப்பதற்கு முன் ஒரு தடவை தடவிப் பார்த்தாளாம். மாப்பிள்ளை சொல்லிச் சிரித்தார். கல்காலைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டுக்கொடுத்தார். அவள் கேட்டுச் செய்ததா, அவராகச் செய்ததா என்று எனக்குத் தெரியாது.

இப்போது தினமும் காலையில் நாங்கள் வேலைக்குப் போய்ச் சேரும் நேரத்தில் என் கைப்பேசி அடிக்கிறது. தங்கை அவருக்குப் பண்ணுவதில்லை, எனக்குத்தான் பண்ணுகிறாள். நேற்று ஆண்டிமடத்தில் ஒரு வீடு. முந்திரிக் கொட்டை காயப்போடும் கொட்டகைக்கு லைட் போட வேண்டும். ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தோம்.

"சேந்துட்டீங்களாண்ணே?"

"சேந்துட்டோம்."

"மேல என்ன, ஓடா சீட்டா?"

"சீட்டு."

மேலே காற்றில் ஷீட் தடதடத்துக்கொண்டிருந்தது.

"அந்த வூட்டுல தண்ணி வருதா?"

குழாயைத் திறந்து பார்த்தேன். வந்தது. வருகிறது என்றேன்.

"அவரக் கூப்பிட்டு மாஸ்க்கப் போடச் சொல்லுங்க" என்றாள். "போட்டப்புறம் நான் போனை வைக்கிறேன்."